சத்தம் குறைந்த பாட்டு

பட்டறையில் அவனை எல்லோரும் டிங்கர் என்றே கூப்பிட்டார்கள். நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துவது அவன் வேலை. கதவோ பேனட்டோ உள்ளே ஒடுங்கிப்போய் வந்தால், வெளிப்பக்கம் இரும்புக் கட்டையை அணைகொடுத்து, பின்பக்கமிருந்து சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்துவிடுவான். சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவர்களுக்கு அவன் அந்தக் காரை அடித்துக் கொல்கிறான் என்றுதான் தோன்றும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளும்படி முதலாளி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். சுத்தியல் சத்தம் போதாதென்று அவன் தலைக்கு மேல் ஒரு ஸ்பீக்கரைத் தொங்கவிட்டு அதில் பாட்டு வேறு போட்டுக்கொள்வான்.

எப்போதும் ஒரே குழுவின் பாட்டு. குழுவின் பெயர் சம்மட்டி. இரண்டு கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ், நடுவில் தொண்டை கிழியக் கத்தும் ஒரு பாடகர். ரசிகர்கள் பாடகரைக் கரடி என்பார்கள். டிங்கர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து சம்மட்டியின் ரசிகன். நாற்பதை நெருங்கிய பிறகும் முழங்கையில் அவர்களுடைய சின்னத்தைப் பச்சை குத்தியிருந்தான். வெல்டிங் பொறி பட்டு அதில் பாதி அழிந்துபோயிருந்தது.

அவனுக்கு முன்கோபம் அதிகம். பில்லைப் பார்த்து முகம் சுளித்த ஒரு வாடிக்கையாளரின் மூக்கை உடைத்திருக்கிறான். ஓவர்டேக் செய்த ஒருவனை வண்டியிலிருந்து இழுத்துப் போட்டு மிதித்திருக்கிறான். அவனுக்கு ஒரு மனைவியும் இருந்தாள். அவள் மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை என்று சொல்லிக்கொள்வதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது. கோபம் வந்தால் சுவரில் குத்துவான், அலமாரிக் கதவைப் பிய்த்து எறிவான், தட்டு சுவரில் பட்டுச் சிதறும். சுவருக்கு அடுத்தது தான்தான் என்று அவளுக்குப் புரிந்த அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவனுக்கு மிஞ்சிய உறவு அக்காவும் அக்காவின் கணவரும்தான். மாமா பேட்டரி கடை வைத்திருந்தார். ஊரே அவரைப் பேட்டரி என்றுதான் சொல்லும். அவரும் சம்மட்டி பைத்தியம். உண்மையில் அக்காவுக்குக் கல்யாணம் பேசியபோது, மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று யாரோ கேட்டதற்கு அவர் அந்தக் குழுவின் பெயரைச் சொல்ல, டிங்கர் அந்த நிமிஷமே அவரை மாமாவாக ஏற்றுக்கொண்டுவிட்டான். அக்காவின் முகம் மட்டும் அப்போது ஒரு மாதிரி ஆனதை யாரும் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பேட்டரி கடையின் பின்னறையில் ரசிகர்கள் கூடுவார்கள். சார்ஜ் ஏறும் பேட்டரிகள் ஒரு பக்கம் வரிசையாக நிற்கும், இன்னொரு பக்கம் இரும்பு அலமாரியில் ஆசிட் கேன்கள். நடுவில் பழைய கார் சீட்டுகளைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எந்த ஆல்பம் பெரியது, எந்த டிரம்மர் சிறந்தவர் என்று பல வருஷமாக முடியாத வழக்கை நடத்திக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் நீள முடி வைத்த பஸ் கண்டக்டர் ஒருவன் உண்டு. ரசிகர்களுக்காக இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறவன் அவன்தான். கூட்டத்தில் என்ன நடந்தாலும் போனை நீட்டிப் பிடித்துப் பதிவு செய்துகொண்டிருப்பான்.

அப்படியிருக்கும்போதுதான் சம்மட்டியின் புதுப் பாட்டு வந்தது.

பல வருஷ இடைவெளிக்குப் பிறகு வந்த பாட்டு. முக்கிய கிட்டார்காரர் குழுவைவிட்டுப் போயிருந்தார். அவர் இடத்தில் கீபோர்டு வாசிக்கும் ஒரு பெண் சேர்ந்திருந்தாள். பாட்டு ஒரு மூச்சில் தொடங்கியது. பாடகர் மைக்குக்கு மிக அருகில் மூச்சை இழுத்து விடுவது கேட்கும். பிறகு ஒற்றை விரலால் வாசிப்பதுபோல் கீபோர்டு. கரடி கத்தவே இல்லை. பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல் பாடினார்.

டிங்கர் அதைப் பட்டறையில் முதல்முறை போட்டபோது அந்த மூச்சுக்கே ஸ்பீக்கரை அணைத்துவிட்டான். ஏன் என்று யோசிக்கவில்லை. மறுபடி போட்டான், மறுபடி அணைத்தான். அன்று அவன் தட்டிய கதவு நிமிர்வதற்குப் பதிலாக ஓட்டை விழுந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னறையில் இடமே இல்லை. வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். பாதிப் பேர் பாட்டைத் திட்டவும் பாதிப் பேர் திட்டுகிறவர்களைத் திட்டவும் வந்தவர்கள். கண்டக்டர் எடுத்த எடுப்பிலேயே, இது லிப்டுக்குள் போடுகிற பாட்டு, மாடி வருவதற்குள் தூக்கம் வந்துவிடும் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர், கரடிக்கு வயதாகிவிட்டது, தொண்டை போய்விட்டது, அதை மறைக்கக் கலை என்று பெயர் வைக்கிறார் என்றார். இன்னொருவர் எல்லாப் பழியையும் கீபோர்டுக்காரி தலையில் போட்டார்.

பேட்டரி ஒரு பேட்டரிக்கு ஆசிட் ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் பங்குக்குப் பேசினார். இத்தனை வருஷமாக அந்த ஆள் என்ன பாடினார் என்பதே பாதி தனக்குப் புரிந்ததில்லை, இப்போதுதான் வார்த்தைகள் காதில் விழுகின்றன என்றார். கத்திக்கொண்டே இருக்கும் ஒருவன் ஒருநாள் கத்துவதை நிறுத்தினால் அதற்கு ஒரு காரணம் இருக்குமே, அதைக் கேட்போமே என்றார். பாட்டை ஏழெட்டு முறை கேட்டதாகவும், கடைசி முறை கண் கலங்கியதாகவும் கூச்சப்படாமல் சொன்னார்.

டிங்கர் எழுந்து நின்றுவிட்டான். அவனுக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை, இது துரோகம் என்பதுதான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஒவ்வொரு முறையும் குரல் ஏறியது. நம்மை வளர்த்த சத்தத்தை விற்றுவிட்டார்கள், அதற்கு நீங்கள் ஜால்ரா போடுகிறீர்கள் என்று மாமாவைப் பார்த்துக் கையை நீட்டினான். கண்டக்டர் போனை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் கொண்டுவந்தான்.

பேட்டரி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"உனக்கு பாட்டு வேணாம் மாப்ள, சத்தம்தான் வேணும். சத்தம் நின்னா என்ன கேக்குமோன்னு உனக்கு பயம்."

"எனக்கென்ன பயம்?"

"இப்ப பாரு, எப்படி கத்துற. அப்படியே உங்கப்பா."

அடுத்து நடந்தது கண் இமைக்கும் நேரத்தில் நடந்தது. டிங்கர் மாமாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து அலமாரியில் மோதினான். ஒரு முறை மோதியது போதாமல் மறுபடி இழுத்து மோதினான். அலமாரி ஆடியது. அவர் ஊற்றிவிட்டு மூடாமல் வைத்திருந்த ஆசிட் கேன் மேல்தட்டிலிருந்து சாய்ந்து பேட்டரியின் நெற்றியில் கவிழ்ந்தது. அவர் போட்ட அலறல் கோபத்தில் போட்டது என்று நினைத்து டிங்கர் அவர் முகத்தில் ஒரு குத்தும் விட்டான். அந்தக் குத்தில் தன் கையே எரிந்த பிறகுதான் அவனுக்கு விளங்கியது.

பட்டறையில் வேலை செய்கிறவனுக்கு ஆசிட் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். மாமாவின் தலைமுடியைப் பற்றித் தரதரவென்று கொல்லைக் குழாய்க்கு இழுத்துக்கொண்டு போனான். முகத்தைக் குழாய்க்கு அடியில் அழுத்தினான். பேட்டரிக்கு மூச்சு முட்டியது. இவன் தன்னைக் கொல்லத்தான் போகிறான் என்று நினைத்து உதைத்தார், பிராண்டினார், அவன் கட்டைவிரலைக் கடித்தார். டிங்கர் விடவில்லை. நெஞ்சில் முழங்காலை ஊன்றி, இரண்டு விரலால் கண் இமைகளைப் பிளந்து பிடித்துத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தான். பேட்டரியின் சட்டை ஊறிய காகிதம்போல் கையோடு பிய்ந்து வந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பிடி தளரவில்லை.

தண்ணீர் உடனே விட்டதால் ஒரு கண் தப்பித்தது என்று மருத்துவர் சொன்னார். இடது கண் போய்விட்டது. கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் வெந்திருந்தது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் டிங்கர் கையில் கட்டோடு நின்றுகொண்டிருந்தான். அக்கா உள்ளேயிருந்து வந்தாள். அவள் அழவில்லை. முதலில் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். பிறகு இன்னொரு முறை. அவன் முகத்தைத் திருப்பாமல் வாங்கிக்கொண்டான்.

"வேணும்னு பண்ணல அக்கா. கோவத்துல..."

"அப்பாவும் அதையேதான் சொல்லுவாரு."

அக்கா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். அவனை உட்காரச் சொல்லவில்லை.

அவர்களுடைய அப்பா லாரி ஓட்டியவர். வீட்டுக்கு வரும் நாட்களில் அம்மாவை அடிப்பார். டிங்கருக்கு அது தெரியும், ஆனால் அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. அப்பாவின் லாரி தெருமுனையில் திரும்பும்போதே அக்கா அவனை உள்ளறையில் விட்டு, டேப் ரெக்கார்டரில் சம்மட்டி கேசட்டைப் போட்டு, சத்தத்தை முழுதாகக் கூட்டி, கதவை வெளியே தாழ் போட்டுவிடுவாள். கேசட்டின் ஒரு பக்கம் முடியும்போது மட்டும் வீடு நிசப்தமாகும். அந்த நிசப்தத்தில் கதவுக்கு அப்பாலிருந்து அப்பா மூச்சு வாங்குவது கேட்கும். அடித்துக் களைத்த மூச்சு. கேசட்டைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப் போட அவன் அப்போதே கற்றுக்கொண்டுவிட்டான்.

"உன்னை உள்ள வச்சு பாட்ட போட்டுட்டு நான் வெளிய நின்னேன்," என்றாள் அக்கா. இடது மணிக்கட்டை அவன் முன்னால் நீட்டினாள். அது எப்போதும் லேசாகக் கோணியிருக்கும். "இது சைக்கிள்ல இருந்து விழுந்து உடைஞ்சதுன்னு இன்னும் நெனச்சிட்டிருக்கியா?"

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"அந்த கேசட்டு எனக்கும் மனப்பாடம். எந்த பாட்டுல எந்த அடி விழுந்துச்சுன்னு இப்பவும் சொல்லுவேன். கல்யாணம் ஆகி வந்தா இவரும் அதையே போடுறாரு. வேணாம்னு சொன்னா ஏன்னு சொல்லணும். சொல்ல எனக்கு எத்தனையோ வருஷம் ஆச்சு. போன வாரம் இந்த புது பாட்ட போட்டாரு. அதை ஒண்ணைத்தான் என்னால முழுசா கேக்க முடிஞ்சுது. அதனாலதான் அவரு உன்கிட்ட அவ்ளோ பேசினாரு."

டிங்கர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா எழுந்தாள்.

"அப்பா மேல அம்மா போலீசுக்கு போகல. நானும் போகல. உன் மேல போவேன்."

போனாள். சொந்த அக்காவே புகார் கொடுத்தாளா என்று பட்டறையில் சிலர் அதிர்ந்தார்கள். டிங்கர் எதையும் மறுக்கவில்லை. நீதிமன்றத்தில் வக்கீல், அது விபத்து, இவர் தண்ணீர் விட்டுக் காப்பாற்றியவர் என்றெல்லாம் வாதாடினார். தண்டனை கொஞ்சம் குறைந்தது. சிறைக்குப் போனான்.

இதற்கிடையில் கண்டக்டர் அந்த வீடியோவை வெளியிட்டிருந்தான். வாக்குவாதம், மோதல், அதற்கு மேல் குழாயடியில் நடந்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒருவன் இன்னொருவனை மூழ்கடிப்பதாகவே தெரிந்தது. பழைய சத்தத்துக்காக ஒருவன் ஆளையே கொல்லப் போனான் என்று சம்மட்டி ரசிகர்களில் ஒரு பாதி அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடியது. மறுபாதி அவனைத் தூக்கில் போடச் சொன்னது. இரண்டு பாதியும் சேர்ந்து அந்தப் பாட்டைப் பெரிய வெற்றியாக்கிவிட்டன.

சிறையில் அவனுக்கு ஆசிட் என்று பெயர் வந்தது. அவன் இருந்த கொட்டடியில் ஒரு தச்சர் இருந்தார். அவருடைய தங்கை முகத்தில் யாரோ ஒருவன் வேண்டுமென்றே ஆசிட் வீசியிருந்தான். அவர் ஆசிட் என்ற பெயரைக் கேட்டதோடு சரி, விவரம் கேட்கவில்லை. குளிக்கும் இடத்தில் டிங்கரைத் தரையில் தள்ளி விலாவிலேயே உதைத்தார். எலும்பு முறியும் சத்தம் டிங்கருக்கே கேட்டது. நான் வீசவில்லை, கேன் கவிழ்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறகு காவலர்கள் கேட்டபோது வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். தச்சர் அதற்குப் பிறகு அவனைத் தொடவில்லை. பேசவும் இல்லை.

விடுதலையான அன்று சிறை வாசலில் கண்டக்டர் ஒரு வேனோடு காத்திருந்தான். வேன் நிறைய ஆட்கள். எல்லோரும் முழங்கையில் பச்சை குத்தியவர்கள். ஸ்பீக்கரில் பழைய சம்மட்டி அலறியது. டிங்கரைத் தோளில் தூக்கினார்கள். அவனுக்குப் போக வேறு இடம் இல்லை. அக்காவிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அந்த வாரம் சம்மட்டி ஒரு மைதானத்தில் கச்சேரி நடத்தியது. கண்டக்டர் கூட்டம் மேடைக்கு முன்னால் இடம்பிடித்தது. அவர்களுடைய திட்டம் டிங்கருக்குப் பாதிதான் தெரியும். புதுப் பாட்டு வந்தால் கூச்சலிட்டு அமுக்கிவிடுவது என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

பழைய பாட்டுகள் வந்தவரை எல்லாம் நன்றாகவே போனது. பிறகு விளக்குகள் மங்கின. கீபோர்டுக்காரி முதல் சுரத்தைத் தொட்டாள். கூச்சல் கிளம்பியது. கரடி கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார். கூட்டம் பாட்டைக் கேட்கவே விடவில்லை. முதலில் தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. அடுத்து கண்ணாடி பாட்டில்கள். ஒன்று டிரம்ஸில் பட்டு உடைந்தது. ஒன்று கரடியின் தோளில் பட்டது. அவர் நிறுத்தவில்லை. டிங்கருக்கு இடப்பக்கம் நின்ற கண்டக்டர் குறிபார்த்து எறிந்தான். அது கீபோர்டுக்காரியின் வாயில் போய் இறங்கியது. அவள் கருவியின் மேலேயே முகம் குப்புற விழுந்தாள். பத்து சுரம் ஒன்றாக அலறி அப்படியே நீண்டுகொண்டிருந்தது.

கண்டக்டர் திரும்பி, பல்லெல்லாம் தெரிய, "அண்ணே, இது உங்களுக்கு," என்றான்.

டிங்கர் அவன் வாயிலேயே குத்தினான். கண்டக்டரின் தாடை கழன்று ஒரு பக்கமாகத் தொங்கியது. விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து மறுபடி குத்தினான். தன்னைத் தோளில் தூக்கியவர்களே முதுகில் மிதிப்பதும், யாரோ இடுப்புப் பட்டையால் தலையில் விளாசுவதும் அவனுக்கு உறைக்கவே இல்லை. ஒரு குத்து கண்டக்டரைத் தப்பித் தரையில் கிடந்த இரும்புத் தடுப்பில் இறங்கியது. கை எலும்புகள் பொடிந்தன. அப்புறமும் அந்தக் கையால் குத்தினான். காவலர்கள் நாலு பேர் சேர்ந்துதான் பிய்த்தெடுத்தார்கள்.

அந்தப் பெண்ணுக்காக நியாயம் கேட்டான் என்று பிறகு பலர் அவனுக்குப் பரிந்து பேசினார்கள். விசாரித்த அதிகாரியே அப்படி எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தார். டிங்கர், "நியாயமெல்லாம் இல்ல சார். எனக்கு அடிக்கத்தான் தெரியும், அடிச்சேன்," என்றான். மறுபடி கொஞ்ச காலம் உள்ளே இருந்தான். கீபோர்டுக்காரி பிழைத்துக்கொண்டாள். உதட்டில் தையலோடு அடுத்த கச்சேரியில் வாசித்தாள் என்று கேள்விப்பட்டான். கண்டக்டர் நெடுநாள் வாயைக் கம்பியால் கட்டிக்கொண்டு குழாய் வழியாகச் சாப்பிட்டான்.

வெளியே வந்தபோது அவனுடைய வலது கை சுத்தியலைப் பிடிக்கும் நிலையில் இல்லை. விரல்கள் மடங்கவே மறுத்தன. முதலாளி நல்ல மனிதர். தட்டும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, டிங்கரைப் பள்ளம் நிரப்பும் பட்டி பூசித் தேய்க்கும் வேலையில் போட்டார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து நாள் முழுக்கத் தேய்க்க வேண்டும். இடது கையால் செய்தான். அவன் மூலையில் சுத்தியலும் இல்லை, பாட்டும் இல்லை. ஆரம்பத்தில் அது அவனைப் பைத்தியமாக்கியது. ஒருநாள் தேய்த்துக்கொண்டிருந்த பேனட்டைத் தலையால் முட்டி நெற்றியைக் கிழித்துக்கொண்டான். முதலாளியே கட்டுப் போட்டுவிட்டார். மறுநாளும் வேலைக்கு வந்தான்.

ஒரு பகலில் அக்கா பட்டறைக்கு வந்தாள். காரில் ஒரு கீறல், யாரோ கேட்டில் உரசியது. டிங்கர் தேய்த்து முடிக்கும்வரை வெளியிலேயே நின்றாள். அவன் கையையும் நெற்றித் தழும்பையும் பார்த்தாள். வண்டியில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

"வீட்டுக்கு வராத. இன்னும் என்னால முடியல. ஞாயித்துக்கிழமை அவரு கடையில இருப்பாரு. அங்க போறதுன்னா போ."

அந்த ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவரை போய்த் திரும்பிவிட்டான். பிறகு ஒருநாள் போனான்.

பின்னறையில் இப்போது ரசிகர் கூட்டம் எதுவும் கூடுவதில்லை. கேன்களெல்லாம் தரையில் இறங்கியிருந்தன. பேட்டரி ஒரு கார் சீட்டில் உட்கார்ந்து ஒரு பேட்டரியின் முனையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் இடது கன்னம் மெழுகு வழிந்ததுபோல் இருந்தது. காலடிச் சத்தம் கேட்டு முழுத் தலையையும் திருப்பிப் பார்த்தார். டிங்கர் வாசலிலேயே நின்றான். மன்னிப்பு என்று ஆரம்பித்தான். மாமா கையை அமர்த்திக் காட்டினார். அவர் குரலில் பாசமும் இல்லை, விரோதமும் இல்லை.

"உன்ன பாத்தா இன்னும் எனக்கு உடம்பு நடுங்குது மாப்ள. அது போகாது போலருக்கு."

"நான் போயிடறேன் மாமா."

"போகச் சொல்லல." அவர் வலப்பக்கத்து சீட்டிலிருந்த சாமான்களை நகர்த்தினார். "இந்த பக்கம் உக்காரு. அந்த பக்கம் இருந்தா நீ என்ன பண்றேன்னு எனக்கு தெரியாது."

டிங்கர் அவர் காட்டிய இடத்தில், இரண்டு கைகளும் அவருக்குத் தெரியும்படி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.